எந்த விளக்கில் பார்த்த எண்?

திருப்பூர் வீரபாண்டி சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்



ஒரு லேப் டிப், அதாவது சாய மாதிரித் துண்டு, பையருக்குப் போவதற்கு முன் உங்கள் லேபில் லைட் பாக்ஸுக்குள் போகிறது. பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஷேடு அச்சாக ஒத்துப்போனாலும் யாரும் அதோடு விடுவதில்லை. கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-ஐயும் போட்டுப் பார்ப்பார்கள். முதல் விளக்கில் அண்ணன் தம்பியாக இருந்த இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் அந்நியமாகி நிற்கும். மெட்டாமெரிசம் என்று லேபில் வேலை பழகும் பையன்கூட அதற்குப் பெயர் சொல்வான். துணிக்கு இவ்வளவு பார்க்கும் நீங்கள், உப்புக்கோ கசடுக்கோ நிறநீக்கத்துக்கோ ஒரு திட்டத்தோடு உங்கள் முன் வந்து உட்காரும் விஞ்ஞானியை மட்டும் ஒரே விளக்கில் பார்த்துத் தீர்மானித்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். அந்த ஒரே விளக்கு எது என்பது உங்களுக்குத் தெரியும். ‘இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை ஆயிரம் சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு, உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் இடம்’ என்று முதல் பக்கத்தில் நிற்கும் வரிதான் அது. அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது, அந்த ஆய்வு எங்கோ பயன்பட்டதற்கான ரசீது. ரசீதுகளை எண்ணிவிட்டு நிறுத்தினால் ஏமாறுவோம்; யார், எதை, எதற்காக எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று பிரித்துப் படித்தால்தான் சரக்கு தெரியும். உங்கள் தண்ணீரைப் பற்றிய ஆய்வு என்றால், அந்த ரசீதைப் படிக்கும் தகுதி பல பேராசிரியர்களைவிட உங்களுக்கே அதிகம்.

இந்த எண்கள் பிறந்த இடத்திலிருந்து தொடங்கலாம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை 1924-இல் ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், நூலக வேலைகளையும் நூல்களின் பயன்பாட்டையும் கணக்கால் அளக்க ஒரு துறை வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் சொன்னார். லைப்ரமெட்ரி என்று அதற்குப் பெயரும் வைத்தார். நூல் என்பது பயன்படுவதற்காகவே இருக்கிறது என்பது அவருடைய அடிப்படை விதி. அளப்பது அந்தப் பயன்பாட்டைத் தெரிந்துகொள்ள ஒரு வழி. அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை எழுதி, 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்ததும் முதன்மையாகத் தேடுவதற்காகத்தான். ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதை யார் யார் பிறகு எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று நூல் பிடித்துப் போவதற்கான கருவி அது. தேடும் கருவி கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பெண் போடும் கருவியாகிவிட்டது. 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஹெச்-இண்டெக்ஸைச் சொன்னார்: 30 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 30 முறை மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் 30. பிறகு ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் சகாக்களும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து ஒரு பெரும் பட்டியல் போட்டார்கள். நம் ஊர்ப் பேனர்களில் ‘ஸ்டான்ஃபோர்டு பட்டியல்’ என்று வருவது அதுதான். அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழங்கும் விருது அல்ல. 22 துறைகள், 174 துணைத்துறைகள் என்று பிரித்து, ஆறு அளவுகளைச் சேர்த்து, வாழ்நாள் கணக்கு தனியாக, ஓராண்டுக் கணக்கு தனியாக, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைச் சேர்த்தும் விலக்கியும் போட்ட தரவுத்தாள். போட்டவர்கள் பல விளக்குகளோடுதான் கொடுத்தார்கள். பேனரில் ஏறும்போது ஒன்றுதான் மிஞ்சுகிறது.

ஒரே எண் துறைக்குத் துறை பொருள் மாறும் என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பருத்தி நூலில் 30 கவுண்டைவிட 40 கவுண்ட் மெல்லிசு. எண் ஏற ஏற நூல் இளைக்கிறது. பாலியெஸ்டருக்குப் போய் டெனியரில் பேசினால் எண் ஏற ஏற நூல் தடிக்கிறது. முறை எது என்று கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டு நூல் வாங்கும் ஆள் திருப்பூரில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார். மேற்கோளும் அப்படித்தான். மருத்துவம், மூலக்கூறு உயிரியல் போன்ற துறைகளில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் வரும் மேற்கோள் பட்டியல் நீளம். கணிதத்தில் எல்லாமே குறைவு. ஒரு நல்ல தேற்றம் பத்தாண்டு கழித்துக்கூட எடுத்தாளப்படும். அதனால் ஒரு கணிதவியலாளரின் 300 மேற்கோளையும் ஒரு மருந்தியலாளரின் 3,000 மேற்கோளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, கவுண்டையும் டெனியரையும் ஒரே தராசில் போடுவதற்குச் சமம். எண்ணிக்கை சிறிதாக இருக்கும் துறையில் அதை வளைப்பதும் எளிது. 2023-இல் கிளாரிவேட் நிறுவனம் தன் ‘அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர்கள்’ பட்டியலிலிருந்து கணிதத்தை ஒரு துறையாகவே தூக்கிவிட்டது. ஒரு சிலர் கூடித் தங்களுக்குள் மேற்கோள் காட்டிக்கொண்டாலே கணக்கு புரண்டுவிடுகிறது என்பதுதான் காரணம்.

ஒரே துறைக்குள்ளும் எண்ணிக்கையும் மேன்மையும் ஒன்றாக நடப்பதில்லை. 2014-இல் நேச்சர் இதழ் அதுவரை உலகிலேயே அதிகம் மேற்கோள் பெற்ற 100 கட்டுரைகளை வரிசைப்படுத்தியது. முதலிடம் 1951-இல் ஆலிவர் லவுரியும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்கு. 3,05,000-க்கும் மேல் மேற்கோள்கள். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் செய்முறை அது. உயிரியலையே மாற்றிய, டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூறில் வரவில்லை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. லவுரியின் முறை எல்லா லேபிலும் தினமும் தேவைப்பட்டது, அதனால் எல்லோரும் எடுத்தாண்டார்கள். மேற்கோள் எண்ணிக்கை, கையருகே இருந்து தினமும் எடுக்கத் தோதாக இருந்தது எது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. மேதைமை, உண்மை, நாட்டுக்கு வந்த நன்மை எல்லாம் அதில் கலந்திருக்கலாம், கலவாமலும் இருக்கலாம். ‘கையருகே இருந்தது எது’ என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் பொறுப்பு என்று நான் கருதுவது அதில்தான் இருக்கிறது.

பல துறைகளில் தடம் பதித்த ஒரு விஞ்ஞானியை எப்படிப் படிப்பது என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அழைக்க, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்ரே கதிரில் பிடித்து, 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பைச் சொன்னார். மூன்று பிரி கயிறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து ஆட்சேபம் வந்தது. அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று தேடப் போய், 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் போட்டதுதான் இன்று உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் எனப்படுவது. புரதங்களின் உலகச் சேமிப்பகமான புரோட்டீன் டேட்டா பேங்கில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. ஒரு வடிவம் சரியா என்று சோதிக்கும் முதல் சோதனைகளில் ஒன்று அந்த வரைபடம். 1971-இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் உருவத்தை மீட்டெடுக்கும் கணக்கைச் சுருக்கினார். சிடி ஸ்கேன் மென்பொருள்களில் ‘ராம்-லாக்’ என்று ஒரு வடிகட்டி இன்றும் இருக்கிறது. இருவர் பெயரின் முன்பாதிகளை ஒட்டவைத்த சொல் அது.

இப்போது ரசீதை எண்ணுங்கள். ஒரு புரத வடிவத்தைச் சோதித்தவர் ‘ராமச்சந்திரன் வரைபடத்தில் சரியாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதுவார். 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கீழே குறிப்பிடாமலே போய்விடுவார். நியூட்டன் விதியைச் சொல்லும்போது யாரும் நியூட்டனின் நூலை மேற்கோள் காட்டுவதில்லை அல்லவா? ஸ்கேன் எந்திரத்தில் ராம்-லாக் பொத்தானை அமுக்கும் டெக்னீஷியன் கட்டுரையே எழுதப்போவதில்லை. பயன்பாடு மிக ஆழமாக இறங்கியபின் ரசீது நின்றுபோகிறது என்பது இந்தக் கணக்கின் விசித்திரம். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைக் கவனித்து விளக்கியிருக்கிறார். வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் இன்னொரு பாடம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர் விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சின் பரவல், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளை என்று ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு துறையாக மாறிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் விலகும்போது ஒரு பெருநூலை விட்டுச்சென்றார். இறக்கும் விண்மீனின் எடைக்கு அவர் இருபது வயதையொட்டிக் கண்ட எல்லையை 1935-இல் வானியலாளர் எடிங்டன் பகிரங்கமாக மறுத்தார். நோபல் பரிசு வந்தது 1983-இல். ஐந்தாண்டு மேற்கோளைப் பார்த்து முடிவெடுக்கும் குழு ஒன்று 1936-இல் அவரை எடைபோட்டிருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மனிதர் 1943-இல் தற்செயல் அசைவுகளைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையை வானியலுக்குச் சம்பந்தமே இல்லாத வேதியியலாளர்களும் உயிரியலாளர்களும் இன்றுவரை எடுத்தாள்கிறார்கள். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள் மோதித் திரளும் கணக்கும் அதில் ஒரு பகுதி. கழிவுநீர்த் தொட்டியில் சுண்ணாம்பு போட்டதும் கசடு திரண்டு அடியில் தங்குகிறதே, அந்த நிகழ்வுக்கு அடியில் ஓடும் கணக்கு. வானியலாளர் என்று அவரை ஒரு கட்டத்துக்குள் அடைத்துப் போடும் பட்டியல் இந்தத் தாவலைச் சொல்லாது. மேற்கோள் காட்டியவர்கள் எந்தெந்தத் துறையினர் என்று பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி உங்கள் வாசலுக்கு வருகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையும் மூடப்பட்டதையும், சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன நிலைக்குப் போயிருந்தன என்பதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு நீங்கள் மாறியதற்கு ஆர்ஓ, எவாப்பரேட்டர், மின்சாரம், விறகு என்று கொடுத்த விலை உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பிரச்சினையைப் பற்றி உலகம் ஆய்வே செய்யவில்லையா என்றால், குவிந்து கிடக்கிறது. சாயக்கழிவிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பது பற்றிய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன. தேங்காய்ச் சிரட்டை, புளியங்கொட்டை, வேப்பிலை, வாழைத்தோல் என்று கிடைத்ததையெல்லாம் கரியாக்கிச் சாயத்தை உறிஞ்ச வைக்கிறார்கள். இத்துறையில் ஹோ, மெக்கே இருவரும் 1999-இல் எழுதிய, உறிஞ்சும் வேகத்துக்கான கணக்கைச் சொன்ன ஒரே கட்டுரை 10,000-க்கும் மேல் மேற்கோள் பெற்றிருக்கிறது. இப்படிப்பட்ட துறையில் வேலை செய்யும் ஒருவருக்கு மேற்கோள் ஏறுவது, மழைக்காலத்தில் கிணறு ஏறுவதைப் போல. அந்த எண்ணைக் காட்டி அவர் உங்களிடம் வந்தால், சாயக்கழிவில் உலகப் புகழ் பெற்றவர் என்று நீங்கள் நினைப்பது இயல்பே.

அவருடைய கட்டுரைகளில் ‘பொருளும் முறையும்’ என்ற பகுதியை மட்டும் புரட்டுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும் சாயத்தின் பெயர் மெத்திலீன் நீலம். பாட்டிலில் கிடைக்கும், தண்ணீரில் சட்டென்று கரையும், 664 நானோமீட்டரில் கருவி அதைப் பளிச்சென்று காட்டும், விலையும் மலிவு. அதனால் உலகத்து மாணவர்கள் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். மெத்திலீன் நீலம் தண்ணீரில் நேர்மின்னூட்டம் கொண்டது. கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. வீரபாண்டியில் ஓடுவது ரியாக்டிவ் சாயம். அது எதிர்மின்னூட்டம். பருத்தியும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளும் இந்த இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம்வரை, கருஷேடு என்றால் அதற்கு மேலும், உப்பையோ கிளாபர் சால்ட்டையோ பாத்தில் கொட்டுகிறீர்கள். துணியில் ஒட்டாத சாயம் கொஞ்சம் வெளியே வருகிறது, போட்ட உப்பு முழுசும் வெளியே வருகிறது. கூடவே சோடா ஏறிய காரத்தன்மை, சோப்பு, சூடு. கட்டுரையிலோ காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் மெத்திலீன் நீலம், கால் லிட்டர் குடுவை, அறை வெப்பம், முடிவில் 98 சதவீத நிறநீக்கம். அந்த 98-இல் பொய் எதுவும் இல்லை. அது வேறு தண்ணீரின் எண். நிறம் போனாலும் உப்பு போகாது. உறிஞ்சிய கரி உங்கள் யார்டில் இன்னொரு கசடாகச் சேரும். மாணவர் பயிற்சிக்கு இந்த ஆய்வுகள் நல்லவை. அளக்கவும் வரையவும் கற்றுத்தருகின்றன. ஆனால் அவற்றின் மேற்கோள்கள் யாரிடமிருந்து வருகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் வேறொரு கொட்டையைக் கரியாக்கி அதே மெத்திலீன் நீலத்தை உறிஞ்ச வைத்த இன்னொரு கட்டுரையிடமிருந்துதான். ரசீது பட்டறைக்கு வெளியேதான் சுற்றுகிறது.

எண்ணே இலக்கானபின் எண்ணை வளர்ப்பதே தொழிலாகிவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பீஸ் ரேட்டில் தையல் போட்டால் பீஸ் ஏறும், செக்கிங்கில் கழிவும் ஏறும். 2023 என்ற ஒரே ஆண்டில் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் ஆலைகளின் வேலை அவற்றில் பலவற்றில் பிடிபட்டது. தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வது, வட்டமாகக் கூடி ஒருவரையொருவர் காட்டிக்கொள்வது, வேலை செய்யாதவர் பெயரைச் சேர்ப்பது எல்லாம் ஊரறிந்த வித்தைகள். பல்கலைக்கழக மானியக் குழுவே 2022 நவம்பரில், முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நேர்மையாக உழைத்தவரின் எண்ணும் வளைக்கப்பட்ட எண்ணும் பேனரில் ஒரே எழுத்தளவில்தான் அச்சாகின்றன. வெறும் எண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. நேர்மையானவருக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை, எண்ணைத் தாண்டிப் படிப்பதுதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஒன்று. எண்ணை விட்டுவிட்டால் சிபாரிசு வந்து உட்கார்ந்துவிடும். தெரிந்தவர், சொந்தக்காரர், சாதிக்காரர், கட்சிக்காரர் என்று போகும். எண் குறையுள்ளது என்றாலும் ஆள் பார்க்காது என்பார்கள். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு, தன்னை அறியாத குழு முன் நிற்கும்போது, வெளியிட்ட கட்டுரையும் கிடைத்த மேற்கோளும்தான் கையிலிருக்கும் சாட்சி. அதனால் எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. லைட் பாக்ஸில் வைக்கச் சொல்கிறேன். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று எண்கள் தரும், மூன்றையும் கேளுங்கள். தன் மேற்கோளை விலக்கிய எண்ணைக் கேளுங்கள். அதே துணைத்துறையில், அதே வயதில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். 2012-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவாகி மறு ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனமும், 2015-இல் நேச்சரில் வந்த லைடன் அறிக்கையும் சொல்வது இதைத்தான்: எண், படித்தறிந்தவரின் தீர்ப்புக்குத் துணை, அதற்கு மாற்று இல்லை. நம் நாட்டில் சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் பல்லாண்டுகளாக இதை எழுதிவருகிறார்கள். சிபாரிசுக்கு மருந்து, காரணத்தை எழுதி வைப்பது. ஏன் இவரைத் தேர்ந்தோம், எந்தக் கட்டுரையைப் படித்தோம், என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று ஒரு பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எண் தரும் நடுநிலையைவிட அது உறுதியானது. எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். கையெழுத்திட்ட காரணத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது.

இரண்டாவது மறுப்பு, ‘நாங்கள் விஞ்ஞானிகள் இல்லையே, கட்டுரையைப் படிக்க எங்களுக்கு எங்கே தெரியும்?’ என்பது. சாஃப்ட் ஃப்ளோ மெஷினை வாங்கும்போது அதன் பாய்ம இயக்கவியலைப் படித்துவிட்டா வாங்கினீர்கள்? ட்ரையல் லாட் ஓட்டிப் பார்த்தீர்கள், லிக்கர் ரேஷியோ கேட்டீர்கள், அதே மெஷின் ஓடும் வேறு பட்டறைக்குப் போய் நின்றீர்கள். விஞ்ஞானியிடமும் அந்தக் கேள்விகளே போதும். உங்கள் கட்டுரைகளில் எங்களுக்குப் பொருந்தும் மூன்றைக் காட்டுங்கள், அவற்றில் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினீர்கள், லிட்டருக்கு 50 கிராம் உப்பு இருந்தால் என்ன ஆகும், மிச்சம் விழும் கசடு எங்கே போகும், உங்கள் முடிவை வேறு ஒரு குழு செய்து பார்த்ததா, செய்து பார்த்தவர்களில் யாராவது ஒத்துவரவில்லை என்று எழுதியிருக்கிறார்களா, எது தோற்றது? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் பெரும்பாலும் நல்ல விஞ்ஞானியாகவே இருப்பார். குழுவில் அதே துறைப் பேராசிரியர் ஒருவர், வேறு துறையிலிருந்து ஒருவர், இருபது வருடம் பாத் பார்த்த டையிங் மாஸ்டர் ஒருவர் இருந்தால், இந்தக் கேள்விகளுக்கான பதிலில் எது பூச்சு, எது சரக்கு என்பது அரை மணி நேரத்தில் வெளிவந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. எல்லாவற்றையும் பயன் என்ற கண்ணால் பார்த்தால், கங்காரு வாலை எக்ஸ்ரே எடுத்த ராமச்சந்திரனுக்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்? அவர் தோல் தொழிலுக்கு என்ன லாபம் காட்டியிருக்க முடியும்? சரியான கேள்வி. நான் கேட்கச் சொல்வது ‘எவ்வளவு லாபம்’ என்பதை அல்ல. ஒருவர் ஏற்கெனவே செய்த வேலையை யார் எதற்கு எடுத்தாண்டார்கள் என்பதைத்தான். எடுத்தாண்டவர் இன்னொரு துறை விஞ்ஞானியாக இருக்கலாம், அதுவும் பயன்பாடே. அடிப்படை ஆய்வுக்குப் பணம் கொடுப்பது அரசின், பல்கலைக்கழகங்களின் முதல் கடமை. அதை வீரபாண்டி சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையில் தோல் ஆராய்ச்சி நிலையம் செய்ததைக் கவனியுங்கள். அது ராமச்சந்திரனுக்கு விருது கொடுக்கவில்லை, பேனர் வைக்கவில்லை. தன் தொழிலின் மூலப்பொருளைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தது. நல்ல மாதிரி கையில் கிடைத்ததால் நல்ல கேள்வி நகர்ந்தது.

இங்கேதான் ‘கையருகே இருந்தது எது’ என்ற சொல் திரும்பி வருகிறது. ஆராய்ச்சி மாணவர் ஏன் மெத்திலீன் நீலத்தை எடுக்கிறார்? அவர் சோம்பேறி என்பதால் அல்ல. அது பாட்டிலில் கிடைக்கிறது, வீரபாண்டியின் தண்ணீர் கிடைப்பதில்லை. வழக்குகளையும் மூடல்களையும் பார்த்த நீங்கள், மாதிரி கேட்டு வருபவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. எடுத்துப்போன பாட்டில் நாளை எந்த மேசையில் இருக்கும் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பூட்டிய கேட்டின் விளைவாக, உலகம் எழுதிக் குவிக்கும் சாயக்கழிவு ஆய்வு உங்கள் கழிவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றியதாக இருக்கிறது. வெறும் எண்ணைக் கொண்டாடும் பழக்கத்தை வளர்த்ததில் பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு பங்கோ, உண்மையான தண்ணீரை எட்டாமல் வைத்ததில் உங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. விருதுக்கும் மேடைக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு மாற்றுங்கள். உள்ளே வரும் நீர், ஆர்ஓ ரிஜெக்ட், எவாப்பரேட்டருக்குப் போகும் அடர்கரைசல், கசடு ஆகிய நான்கிலும் மாதம் ஒருமுறை மாதிரி எடுத்து, எந்தப் பட்டறையுடையது என்று தெரியாதபடி கலந்து, உப்பளவும் காரத்தன்மையும் சாய வகையும் எழுதிய சீட்டோடு, கேட்கும் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். நிலையத்தின் அன்றாட அளவீடுகளை ஆண்டுக்கு ஒருமுறை பொதுவில் வைக்கலாம். பெறுபவருக்கு ஒரே நிபந்தனை: முடிவு நன்றாக வந்தாலும் தோற்றாலும் வெளியிட வேண்டும்.

அதன்பின் ஒருவர் மேற்கோள் எண்ணோடு உங்கள் முன் வந்தால், அந்த எண்ணைச் சோதிக்க உங்களிடம் சொந்தமாக ஒரு விளக்கு இருக்கும். எங்கள் தண்ணீரில் செய்தீர்களா என்று ஒரு வரி கேட்டால் போதும். அப்படிச் செய்த கட்டுரை முதலில் சில மேற்கோள்களே பெறலாம். ஆனால் அதை எடுத்தாள்பவர் ஈரோட்டிலோ சூரத்திலோ டாக்காவிலோ இதே உப்போடு மல்லுக்கட்டும் ஒருவராக இருப்பார். அது பட்டறைக்குள் வந்து சேரும் ரசீது. இன்றைக்கு அந்தக் கட்டுரைகளில் ‘பொருளும் முறையும்’ என்ற தலைப்பின் கீழ் காய்ச்சி வடித்த நீர் என்று எழுதியிருக்கும் இடத்தில் வீரபாண்டி என்று எழுத வைப்பது, எந்தப் பட்டியலிலும் வராத, உங்கள் கையில் மட்டுமே இருக்கும் வேலை.

அன்புடன்,
ஊர்க்காரன் ஒருவன்